கேட்டது நடைவண்டி, வந்தது வாக்கர்: பிள்ளைக்கு வரும் அன்பளிப்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் மகளுக்கு மூன்று வயது. குடியிருப்பது காரைக்குடியில், என் பிறந்த வீடும் புகுந்த வீடும் சுற்றுவட்டார ஊர்களில். அவளுடைய முதல் பிறந்தநாளுக்கு முன்னால் நான் அழகாக ஒரு பட்டியல் போட்டு, குடும்ப வாட்ஸப் குழுவில் அனுப்பினேன். ஏழே ஏழு பொருள், எதுவும் ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. எல்லாரும் கும்பிடு பொம்மை போட்டார்கள். வந்து இறங்கியவை: வாக்கர் இரண்டு, பாட்டுப் பாடும் நாய் மூன்று, வெல்வெட் கவுன் ஒன்பது, வெள்ளிச் சங்கு நான்கு. பட்டியலில் இருந்தது ஒன்றுகூட இல்லை. அந்தக் கதை சொந்தத்துக்குள் பரவியதிலிருந்து, புதிதாகப் பிள்ளை பெற்ற பெண்கள் எனக்குப் போன் போட்டுக் கேட்கும் கேள்விகள்தான் இவை.

நகரத்தார் வீட்டு முறைப்பெயர்கள் நடுவில் வரும். அப்பாவைப் பெற்றவர் அப்பத்தா, அம்மாவைப் பெற்றவர் ஆயா, தாத்தா இருவருமே ஐயா. அம்மான் என்றால் தாய்மாமன், அயித்தை என்றால் அத்தை.

பட்டியல் தெளிவாகத்தானே கொடுத்தோம்? ஏன் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை?

எல்லாரும் படித்தார்கள். படித்துவிட்டுத்தான் வேறு வாங்கினார்கள். எனக்கு இது புரிய ஒரு வருடம் ஆயிற்று.

நம் பக்கத்தில் பிள்ளைக்குச் செய்வது முறை. ஆண் பிள்ளைக்குக் கார்த்திகைப் புதுமை, பெண் பிள்ளைக்குத் திருவாதிரைப் புதுமை என்கிற சடங்குகள், அப்புறம் காதுகுத்து என்று ஒவ்வொன்றுக்கும் யார் எங்கே நிற்க வேண்டும் என்பது நாம் பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிட்ட விஷயம். அம்மான் செய்ய வேண்டியதைப் பெரியப்பா முந்திக்கொண்டு செய்தால்கூட ஊரில் பேச்சு வரும். அப்படிப்பட்ட இடத்தில் ‘மர அடுக்கு வளையம், 450 ரூபாய், நீல நிறம் வேண்டாம்’ என்று கடை இணைப்போடு அனுப்பினால் என்ன ஆகும்? முறை செய்ய வேண்டிய மனிதரைக் கடைக்குப் போய்வருகிற ஆளாக ஆக்கிவிட்டோம். அவர் வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். வெல்வெட் கவுனோடு வந்து நிற்பார்.

இத்தனைக்கும் பட்டியல் நமக்குப் புதிதில்லை. கல்யாணத்துக்குச் சாமான் பரப்பி, பித்தளை எத்தனை, மங்கு (எனாமல் பாத்திரம்) எத்தனை, எவர்சில்வர் எத்தனை என்று எண்ணி எழுதியவர்கள் நம் ஆட்கள். பேரின் முதலெழுத்தை வெட்டாமல் ஒரு கரண்டியைக்கூட வெளியே அனுப்பியதில்லை. ஆனால் அந்தப் பட்டியல், கொடுத்தவர் என்ன கொடுத்தார் என்று சொல்லும் கணக்கு. நான் போட்டது, எனக்கு என்ன வேண்டும் என்ற கணக்கு. பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதானா?

இல்லை. ஆளுக்கு ஒன்றாகச் சொல்லுங்கள். குழுவில் போடாமல், அவரை மட்டும் கூப்பிட்டு, அவரால்தான் முடியும் என்கிற ஒன்றைக் கேளுங்கள்.

இரண்டாவது பிறந்தநாளுக்கு நான் அப்படித்தான் செய்தேன். அப்பத்தாவிடம், “உங்க பழைய கண்டாங்கி ஒண்ணு இருந்தா பாப்பாவுக்குப் பாவாடை தைக்கலாம்” என்றேன். பீரோவைத் திறந்து அரக்கில் மஞ்சள் கட்டம் போட்ட சேலையை எடுத்தவர், அதைக் கட்டிக்கொண்டு எந்தக் கல்யாணத்துக்குப் போனார் என்பதில் தொடங்கி முக்கால் மணி நேரம் பேசினார். கட்டிக் கட்டி மெதுவாகிப் போன பருத்தி. சித்திரை வெயிலுக்கு அதைவிட நல்ல துணி கடையில் கிடையாது. ஆயாவிடம் பொம்மை போட்டுவைக்க ஒரு கொட்டான் (ஓலைக் கூடை) பின்னித்தரச் சொன்னேன். “கை வராதுடி” என்றவர், ஓலைக்குச் சாயம் காய்ச்சி, விளிம்புக்குச் சிவப்பு நூல் கோத்து, மூடியோடு கொடுத்தனுப்பினார்.

ஐயாவிடம் நடைவண்டி கேட்டேன். அப்போது அவள் நடக்கத் தொடங்கிவிட்டாள்தான், ஆனாலும் தள்ளிக்கொண்டு திரிய ஆசை. ஊர்த் தச்சரை வரச்சொல்லி, பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி, தரையிலிருந்து நெஞ்சு வரைக்கும் ஒரு நூலைப் பிடித்து முடிச்சுப் போட்டு அளவு கொடுத்திருக்கிறார். அந்த முடிச்சுப் போட்ட நூலை இன்னும் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். ஏழு பேரிடம் கேட்டதில் ஐந்து பேர் கேட்டதையே கொடுத்தார்கள். மீதி இரண்டு பேர் கவுன்.

வாக்கர் வேண்டாம் என்று சொல்லியும் வாங்கி வந்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் மட்டும் உட்கார வைக்கலாமா?

இந்த ஒன்றில் நான் யாருடைய மனதும் கோணுமே என்று பார்ப்பதில்லை. வேண்டாம். சக்கரத்தோடு உள்ளே உட்காரும் வாக்கரின் விற்பனையை கனடா 2004-இலேயே தடை செய்துவிட்டது. காரணம், படியில் உருண்டு விழுந்து தலையில் அடிபட்ட பிள்ளைகள். பிள்ளை சீக்கிரம் நடக்கும் என்று நினைத்து வாங்குகிறார்கள். அதில் கால் விரலை ஊன்றித் தள்ளிப் பழகிய பிள்ளை, நடக்க இன்னும் கொஞ்சம் தாமதமாகவும் செய்யலாம்.

நம் வீடுகளை யோசித்துப் பாருங்கள். முகப்பிலிருந்து இறங்கினால் படி. வளவு என்கிற உள்கட்டைச் சுற்றி வரும் நடை வழவழவென்று ஆத்தங்குடிக் கல். நடுவில் முற்றம் ஒரு பள்ளம். சக்கரம் வைத்த எதையும் உருட்டி விளையாட இதைவிட மோசமான தரையை ஒருவன் திட்டம் போட்டுத்தான் கட்ட வேண்டும். ஒரு முறை வாக்கரோடு என் மகள் முற்றத்தின் விளிம்புக்குப் போய், முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் நிற்க, சிரித்துக்கொண்டிருந்தாள். கவுன் பின்பக்கம் தூணில் மாட்டியிருந்ததால் தப்பினாள். (ஒன்பது வெல்வெட் கவுனில் ஒன்றாவது உபயோகப்பட்டது.) அன்றைக்கே இரண்டு வாக்கரையும் சக்கரத்தைக் கழற்றிப் போட்டேன்.

நடைவண்டி வேறு. பிள்ளை தன் காலில் நின்று தள்ளுகிறது. ஆனால் அதுவும் படி, முற்றம் பக்கம் ஆள் இல்லாமல் கூடாது.

பாட்டுப் பாடும் பொம்மையில் என்ன ஆபத்து? சத்தம்தானே?

சத்தம் நம் தலைவலி. ஆபத்து அதன் வயிற்றில் இருக்கிறது. பொத்தான் அளவு வட்ட பேட்டரியைப் பிள்ளை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். பிள்ளை முதலில் எதையும் காட்டாமல்கூட இருக்கும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே ஓட வேண்டும். குட்டிக் காந்தங்களும் அப்படித்தான்; இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

எனவே பொம்மை வந்ததும் முதல் வேலை, பேட்டரி மூடியில் ஸ்குரூ இருக்கிறதா என்று பார்ப்பது. நகத்தால் திறக்கிற மூடி என்றால் பேட்டரியை எடுத்துவிட்டுப் பொம்மையை மட்டும் கொடுங்கள். நாய் பாடாது, வீடும் நிம்மதியாக இருக்கும். அடுத்தது ஐ.எஸ்.ஐ. முத்திரை. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம். திருவிழாக் கடையில் வாங்கியதில் பெரும்பாலும் தேடினாலும் இருக்காது. மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் பொம்மையில் சின்னப் பாகம் இருக்கிறதா என்று சோதிக்கிற குழாயின் விட்டம் 31.7 மில்லிமீட்டர். வீட்டுக் கணக்கில் சொன்னால், பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய ஓட்டை. அதற்குள் முழுக்க அடங்குகிற எதையும் கையில் கொடுக்காதீர்கள்.

தச்சர் செய்த வண்டிக்கு முத்திரை இருக்காது. ஆணி துருத்துகிறதா, சிலாம்பு ஏறுமா என்று நாமே தடவிப் பார்க்க வேண்டும். எங்கள் ஐயா பெயின்ட் அடிக்கவே விடவில்லை. “கடிக்கத்தானே போறா” என்றார்.

மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற ஊர் இது. அதற்காக வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததையும், 1948-இல் நேரு அடிக்கல் நாட்டியதையும் இங்கே பள்ளிப் பிள்ளையும் சொல்லும். பேட்டரி ஆராய்ச்சி நடக்கிற ஊரில் நாய்ப் பொம்மையின் வயிற்றைத் திருப்பிப் பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை.

பொம்மை வேண்டாம் என்றால் தங்கம், வெள்ளி என்று போய்விடுகிறார்களே?

போகட்டும். செட்டிநாட்டில் பிறந்துவிட்டு அதைத் தடுக்க நான் யார்? ஆனால் மூன்று விஷயம் சொல்லிவைக்கலாம்.

ஆளுக்கு ஒரு பொட்டு மோதிரமாக வாங்கினால் செய்கூலி, சேதாரத்திலேயே பாதி போகும். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் ஆறு எழுத்து, எண் கொண்ட அடையாளக் குறி இருக்க வேண்டும்; 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க்கே கட்டாயமில்லை. பிள்ளைக்கு வரும் மோதிரமெல்லாம் அந்த இரண்டு கிராமுக்குள்தான். நாலு பேர் சேர்ந்து இரண்டு கிராமுக்கு மேல் ஒரே நகையாக வாங்கினால் குறியும் இருக்கும், மதிப்பும் நிற்கும். பங்காளிகளுக்குள் ஒருவரை முன்னே நிறுத்தினால் இது நடக்கும். நாமாகச் சொன்னால் நடக்காது.

வெள்ளிக் கொலுசு என்றால் மணி இல்லாமல். மணி கழன்று வாய்க்குப் போகும். ஆயா நம் பேச்சைக் கேட்கவில்லை என்றால், விசேஷத்தன்று போட்டுப் போட்டோ எடுத்துவிட்டு அன்றைக்கே கழற்றிவிடுங்கள். கழுத்துச் சங்கிலியைத் தூங்கும்போது போடவே கூடாது.

வெள்ளிச் சங்கு நான்கு வந்தால்? ஒன்று போதும். மற்ற மூன்றிலும் கொடுத்தவர் பேரை வெட்டி வைத்துவிடுங்கள். அடுத்த தலைமுறையில் யாராவது எடுப்பார்கள். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும். எந்த வீட்டு ஐயாவோ பர்மாவிலிருந்து பெட்டி கட்டிக் கொண்டுவந்த மங்குத் தட்டு, இனிஷியலோடு, இன்றைக்கு யாரோ ஒருவருடைய ஓட்டல் சுவருக்கு விலை பேசப்படும்.

“பணமாகக் கொடுங்கள்” என்று கேட்டால் அசிங்கமா?

மொய் எழுதும் ஊரில் பணம் அசிங்கம் இல்லை; கேட்பதுதான் அசிங்கம். கேட்காமலே நடக்க ஒரு வழி இருக்கிறது. பெண் பிள்ளை என்றால் பத்து வயதுக்குள் தபால் நிலையத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கைத் தொடங்கி வையுங்கள். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். 15 ஆண்டு கட்ட வேண்டும். தொடங்கி 21 ஆண்டில் முதிரும். ஆண் பிள்ளைக்குப் பொன்மகன் என்ற பேரில் பொது வைப்பு நிதி இருக்கிறது.

யாராவது கையில் 500 திணித்தால், அந்த வாரமே கட்டி, பாஸ்புக் பக்கத்தைப் படம் எடுத்து அவருக்கு அனுப்புங்கள். ‘அயித்தை கொடுத்தது, கட்டியாச்சு.’ அவ்வளவுதான். எங்கள் வீட்டில் ஒரு அயித்தைக்கு இப்படி அனுப்பியதும், மற்ற இரண்டு அயித்தைகள் அவர்களாகவே விசாரித்தார்கள். கொடுத்தது எங்கே போயிற்று என்று தெரிந்தால் போதும், நம் ஆட்கள் தாராளமாகவே கொடுப்பார்கள்.

துணி எடுத்தால் எல்லாரும் ஒரே சைஸில் எடுக்கிறார்களே?

ஆமாம். அடுத்த வருட சைஸைச் சொல்லுங்கள். “வேகமா வளர்றா” என்று மட்டும் சொன்னால் போதும்.

இனிப்பு, சாக்லேட்?

ஒரு வயதுக்குள் தேன் கூடாது. பிறந்ததும் சேனை தொட்டு வைக்கிறோம் என்று வந்தாலும் கூடாது. மற்றபடி, சீப்புச் சீடையும் மனகோலமும் கொண்டுவருகிற வீட்டில் சாக்லேட்டைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. சீடையை மட்டும் உடைத்துக் கொடுங்கள், தொண்டையில் சிக்கும்.

சிங்கப்பூர் சித்தப்பா டேப்லெட் வாங்கி வந்திருக்கிறார். பெரிய தொகை. எப்படி மறுப்பது?

மறுக்காதீர்கள். நம் ஆட்கள் கடல் தாண்டிக் கொண்டுவிக்க (வணிகம் செய்ய)ப் போன காலத்திலிருந்து, வெளிநாட்டிலிருந்து வருகிறவர் கையை வீசிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்ததில்லை. அவருக்கு அது கௌரவம். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், அதற்கு மேல் நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருப்பதை அவரிடம் படித்துக்காட்டி விவாதம் நடத்த வேண்டாம். “ஞாயித்துக்கிழமை உங்ககூட வீடியோ பேச இதை வச்சுக்கறோம்” என்று சொல்லி வாங்கி, ஆப்பெல்லாம் எடுத்துவிட்டுப் பூட்டி வையுங்கள். ஞாயிறு தவறாமல் பேசவும் செய்யுங்கள். எங்கள் வீட்டில் அது ‘சித்தப்பா போன்’. அதில் வேறு எதுவும் வரும் என்று பிள்ளைக்குத் தெரியாது. தெரிகிற நாள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

காரைக்குடியில் இரண்டு அறை வீடு. இதையெல்லாம் எங்கே வைப்பது?

ஊரில் வீடு எதற்கு இருக்கிறது? வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வளவில் நம் புள்ளிக்கென்று, அதாவது நம் குடும்பத்துக்கென்று, ஒரு அறை இருக்கிறதே. பெரிய சாமான், சத்தம் போடும் சாமான், ஏறி மிதிக்கிற கார் எல்லாவற்றையும் அங்கே அனுப்பிவிட்டேன். “பாப்பா இங்க வந்து விளையாடட்டும்னு வச்சிருக்கோம்” என்று சொன்னால், கொடுத்தவருக்குக் குறை இல்லை. இன்னும் கொஞ்சம் சந்தோஷம்கூட.

இதில் நான் எதிர்பாராத ஒரு லாபம் வந்தது. கார்த்திகை தீபத்திலிருந்து இருபத்தொன்றாம் நாள் பிள்ளையார் நோன்புக்கு எல்லாரும் கூடுவோம். இழை எடுக்கிற சடங்கு முடிகிற வரைக்கும் பிள்ளைகளைக் கட்டி மேய்க்க முடியாது. போன நோன்புக்கு அறையைத் திறந்துவிட்டதும் ஏழு பிள்ளைகள் உள்ளே போய்விட்டார்கள். ஒரு வருடம் கண்ணில் படாத பொம்மை புதுப் பொம்மைதான். பட்டாலைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு சின்ன ஐயா, தான் வாங்கிக் கொடுத்த சிவப்புக் காரில் ஊரார் பிள்ளைகள் வரிசையில் நின்று ஏறுவதை நோன்பு முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காருக்காக நான் அவரை ஆறு மாதம் மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

வந்ததை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாமா?

கொடுக்கலாம், நம் சொந்தத்துக்குள் மட்டும் வேண்டாம். தாயபிள்ளைகள் வட்டம் எவ்வளவு சின்னது என்று அப்போதுதான் தெரியும். பெரியம்மா கொடுத்த தேநீர்க் கோப்பை செட், மூன்று வீடு சுற்றி அவர் பேத்திக்கே போய்ச் சேர்ந்த கதை எங்களிடம் உண்டு. உள்ளே அவர் எழுதிய சீட்டு அப்படியே இருந்தது. அங்கன்வாடிக்குக் கொடுங்கள், கொடுப்பதற்கு முன் சீட்டைத் தேடுங்கள்.

பெண் பிள்ளை என்றால் சமையல் செட், பையன் என்றால் கார். இதை எப்படி மாற்றுவது?

சொப்பை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மண் சொப்பு, மரச் சொப்பு இரண்டும் நல்ல விளையாட்டு. மாற்ற வேண்டியது யார் விளையாடுவது என்பதை. என் அண்ணன் மகன் எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் தேடுவது சொப்பு அடுப்பைத்தான். சமையல் ஆள்களுக்குப் பேர்போன ஊரில், கல்யாணப் பந்திக்கு அண்டாவைக் கிளறுகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அவன் சொப்பைத் தொட்டால் மட்டும் என்ன வந்தது?

புகுந்த வீட்டுக்காரர்களிடம் இதையெல்லாம் யார் சொல்வது?

அவரவர் வீட்டில் அவரவர். நான் சொன்னால் ‘மருமகள் கணக்குப் பார்க்கிறாள்’. அதே வார்த்தையை என் கணவர் சொன்னால் ‘தம்பிக்கு இப்பத்தான் பொறுப்பு வந்திருக்கு’. இந்த அநியாயத்தை இந்தத் தலைமுறையில் சரிசெய்ய முடியாது, பயன்படுத்திக்கொள்ளலாம்.

கொடுத்தவர் எதிரிலேயே பிள்ளை “இது வேணாம்” என்று சொல்லிவிட்டால்?

சொல்லும். திட்டாதீர்கள், மன்னிப்பும் கேட்கச் சொல்லாதீர்கள். நாம் ரகசியமாகப் பேசிக்கொண்டதைத்தான் அது சத்தமாகச் சொல்கிறது என்று எல்லாருக்கும் புரிந்துவிடும். அதனால் பேச்சை உடனே மாற்றுங்கள்.

மூன்றாவது பிறந்தநாளுக்கு அம்மான் ஒரு பெரிய கரடிப் பொம்மையோடு வந்தார், அவள் உயரத்துக்கு. நான் கேட்டிருந்தது மழைக்கோட்டு. மகள் கரடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், “கோட்டு எங்க?” என்றாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அம்மான் சிரித்துவிட்டு, கரடியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை உருவி, தலைக்கு ஒரு ஓட்டை, கைக்கு இரண்டு ஓட்டை போட்டு, கரடிக்கே மாட்டிவிட்டார். “முதல்ல இவன் நனையாம இருக்கட்டும். உனக்கு நாளைக்கு.”

மறுநாள் அந்த உறையை ஒளித்துவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பிள்ளை தலையில் மாட்டிக்கொள்ளுமே என்று பயம். கோட்டும் வந்தது, இரண்டு சைஸ் பெரிதாக.